சாப்பிட்டியா என்று கேட்கக் கூடாத பத்து நிமிடம்

1

போன வாரம் தபாலில் ஒரு படிவம் வந்தது. என் மகள் மெர்லின் இங்குள்ள சிறுவர் மனநல மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது, எங்கள் கவனிப்பு எப்படி இருந்தது என்று தயவுசெய்து மதிப்பிடுங்கள் என்று நான்கு பக்கம். ஜெர்மனியில் படிவம் இல்லாமல் ஒன்றும் நகராது. நாய் வளர்க்கப் படிவம், வீடு மாறப் படிவம், முன்பு கொடுத்த படிவம் தொலைந்துபோனதைத் தெரிவிக்க இன்னொரு படிவம். பத்து வருடமாக இங்கே இருக்கிறேன். இன்றுவரை பெயர் என்ற கட்டத்தையே என்னால் தாண்ட முடியவில்லை. எனக்குக் குடும்பப் பெயர் சவரிமுத்து. அது என் அப்பாவின் பெயர். என் மனைவி ஸ்டெல்லாவுக்கும் மகளுக்கும் குடும்பப் பெயர் ஜோசப். அது என் பெயர். அலுவலகக் கணக்கில் ஸ்டெல்லாவும் மெர்லினும் ஒரு குடும்பம், நான் அவர்கள் வீட்டில் வெகுநாளாகத் தங்கியிருக்கும் சவரிமுத்து என்கிற ஆள்.

படிவத்தின் கடைசியில் 'வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?' என்று கேட்டு நான்கு கோடு போட்டிருந்தார்கள். எனக்குச் சொல்ல இருப்பது நான்கு கோட்டில் அடங்காது. ஜெர்மன் மொழியில் அடங்கவே அடங்காது. அதனால் ஊரில் இருக்கும் உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன்.

மெர்லினிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "எழுதுங்கப்பா. ஆனா என்னைப் பாவம் மாதிரி எழுதாதீங்க" என்றாள்.

2

நான் சென்னைப் பக்கம் பட்டாபிராம்காரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் ஆரம்பித்து, அதே வேலைக்குத் தெற்கு ஜெர்மனி வந்தவன். ஸ்டெல்லா கொரட்டூர். விமானம் ஏறும்போது மெர்லினுக்கு ஐந்து வயது. ஏறும்போது பேசிய தமிழ் இறங்கும்போது இருந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டது. "நேத்து நான் ஸ்கூலுக்குப் போவேன்" என்பாள். காலம் அவளுக்குப் பிடிபடவில்லை. நான் திருத்துவேன். திருத்தத் திருத்தப் பேச்சு குறைந்தது. பன்னிரண்டு வயதில் எங்கள் உரையாடல் மொத்தமும் இவ்வளவுதான்:

"சாப்டியா?"

"ம்."

"ஹோம்வொர்க்?"

"ம்."

உலகத்தில் பாதி அப்பாக்கள் இதை வைத்தே காலம் தள்ளுகிறார்கள் என்பதால் நான் கவலைப்படவில்லை.

அவளுக்குப் பதினான்கு வயதாகும்போது அந்த முதல் கேள்விக்குப் பதில் பொய்யாக மாறியது. முதலில் ஒன்றிரண்டு பண்டங்களை விட்டாள். நல்லதுதானே என்றோம். பிறகு சோற்றை விட்டாள். பிறகு எங்களோடு மேசையில் உட்காருவதை விட்டாள். ஸ்டெல்லா கெஞ்சினாள், நான் கத்தினேன். அது பலிக்காததால் வேலையை மாற்றிக்கொண்டோம். நான் கெஞ்சினேன், அவள் கத்தினாள். கடைசியில் எங்கள் குடும்ப மருத்துவரிடம் போனோம். எப்போதும் சிரித்த முகமாக இருப்பவர். ரத்தப் பரிசோதனையையும் இதயத் துடிப்பையும் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. "இது அடம் இல்லை" என்றார். "இது நோய். மனதில் தொடங்கி உடம்பை அழிக்கிற நோய். தாமதிக்கக் கூடாது."

ஏன் வந்தது என்று கேட்டேன். ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது என்றார். நான் மட்டும் வீட்டுக்கு வந்து காரணங்களை வரிசையாக அடுக்கினேன். எல்லாவற்றிலும் நான் இருந்தேன்.

3

இரண்டு வாரம் கழித்து, அவர் சீட்டு எழுதிக்கொடுத்த மருத்துவமனையிலிருந்து தொலைபேசி. நான் வேலையில் இருந்தேன், பக்கத்தில் ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு 'ஆஃப்நாமே' என்றார்கள். "சரி, மிக்க நன்றி" என்றேன். எனக்கு அந்த வார்த்தை தெரியும். முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தபோது சொன்னார்கள். படம் எடுப்பது. "செவ்வாய்க்கிழமை ஆஃப்நாமேன்னாங்க. ஏதோ ஸ்கேன் எடுக்கறாங்களாம், ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் பேக்கரி வேலைக்கு விடுப்புச் சொல்லவில்லை. மெர்லின் சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

செவ்வாய் காலை அவள் பெரிய பையோடு இறங்கி வந்தாள்.

"எதுக்கும்மா இவ்ளோ பெரிய பை?"

"சும்மா. புக்ஸ்."

வண்டியை இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் நிறுத்தும் இடத்தில் விட்டேன். மூன்றாவது மாடியில் ஃப்ராவ் கெல்லர் என்ற செவிலியர் கதவைத் திறந்தார். நெடுநெடுவென்ற உயரம், ஒட்ட வெட்டிய நரைமுடி. முதலில் மெர்லினுக்குக் கை கொடுத்தார், அப்புறம்தான் எனக்கு. ஓர் அறைக்குக் கூட்டிப் போய்ப் பட்டியலைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார். பல் துலக்கும் பிரஷ்? மெர்லின் பையிலிருந்து எடுத்து வைத்தாள். வீட்டுச் செருப்பு? எடுத்து வைத்தாள். இரவு உடை, துண்டு, பள்ளிப் புத்தகம். கடைசியில் ஒரு துணிப் பொம்மை அனுமதி உண்டு என்றார். மூன்று வயதில் அவளோடு தூங்கிய யானை பையிலிருந்து வெளியே வந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. படம் எடுப்பதற்கும் ஆளைச் சேர்த்துக்கொள்வதற்கும் இந்த மொழியில் ஒரே வார்த்தை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க கூட்டிட்டு வரமாட்டீங்க."

உண்மை. வந்திருக்கமாட்டேன். எங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது எவனாவது முரண்டு பிடித்தால் "உன்னக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்பணும்" என்று கத்தி வளர்ந்தவன் நான். அப்படிப்பட்ட இடத்துக்குப் பெற்ற பிள்ளையை நானே கொண்டுபோய் விடுவேனா? என் அரைகுறை ஜெர்மன் என் மகளைக் காப்பாற்றியது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஸ்டெல்லா மாவு ஒட்டிய பேக்கரி உடுப்போடு ஓடி வந்தாள். கையெழுத்துப் போடும்வரை அழவில்லை. என்னைப் பார்த்து, "ஸ்கேனா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். 

4

கம்பிக் கதவும் அலறலும் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அங்கே வாசலில் பத்துப் பன்னிரண்டு ஜோடி காலணிகள் கன்னாபின்னாவென்று கிடந்தன. வலை கிழிந்த ஒரு டேபிள் டென்னிஸ் மேசை. ஒரு சின்ன வகுப்பறை. உள்ளே வந்து பாடம் எடுக்கும் ஆசிரியர்கள். யாரோ ஒரு பையன் பியானோவில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தான்.

பெற்றோருக்கான விதிகள் என்று ஃப்ராவ் கெல்லர் ஒரு தாள் கொடுத்தார். மாலை ஆறு மணிக்குத் தொலைபேசி, பத்து நிமிடம். பேசக் கூடாதவை: உணவு, எடை, உடம்பு, தோற்றம்.

"அப்படியென்றால் நான் என்ன பேசுவது?" என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். அவர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

"சாப்பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் அவளோடு பேசுங்கள்."

சொல்வது சுலபம். பட்டாபிராமில் பிறந்தவனுக்குச் சாப்பாட்டைக் கேட்காமல் பேச்சை ஆரம்பிக்க வேறு வழி தெரியாது. கடன் கேட்க வந்தவனையும் சண்டைக்கு வந்தவனையும்கூட "இன்னா, துன்னியா?" என்றுதான் வரவேற்போம்.

முதல் நாள் ஆறு மணி.

"ஹலோ."

"ஹலோ அப்பா."

"சா..."

"அப்பா!"

"சாயங்காலம் அங்க மழையா?"

 "அப்பா, நான் இதே ஊர்லதான் இருக்கேன்" என்றாள்.

இரண்டாம் நாள் ஒன்பது நிமிடம் நாங்கள் மூச்சு விடுவதை ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் ஊர்க் கதையை எடுத்தேன்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு நாள் சென்ட்ரலில் திருவள்ளூர் லோக்கலில் ஏறி உட்கார்ந்தவன் தூங்கிவிட்டேன். விழித்தபோது திருவள்ளூர். சரி என்று திரும்பும் வண்டியில் ஏறி, கவலையில் மறுபடியும் தூங்கினேன். விழித்தபோது ஆவடி. பட்டாபிராம் நடுவில் இரண்டு தடவை வந்து போயிருந்தது. மூன்றாவது வண்டியில் கடைசிவரை நின்றுகொண்டே வந்தேன். பட்டாபிராமில் கதவருகே அவ்வளவு கூட்டம், இறங்க முடியவில்லை.

அந்தப் பக்கம் ஏதோ விசித்திரமான சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் எனக்கு மறந்தே போயிருந்தது.

5

அதற்கப்புறம் தினமும் ஒரு கதை. அண்ணனூர் ஷெட்டில் ரயில் பெட்டிகள் தூங்கும் கதை, ராணுவத்துக்கான ரயில் பாதை இருக்கும் மிலிட்டரி சைடிங்கில் பந்து விழுந்து சிப்பாயிடம் மாட்டிக்கொண்ட கதை. ஒரு நாள் சென்ட்ரல்வரை எல்லா ஸ்டேஷன் பெயரையும் வரிசையாகச் சொல்லச் சொன்னாள். இந்துக் கல்லூரி, ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம்...

"என்னது?"

"பட்டரவாக்கம்."

அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துப்போனது. மறுவாரம் நான் பார்க்கப் போனபோது டேபிள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் பையன் புள்ளி எடுத்ததும் இரண்டு கையையும் தூக்கி "பட்டரவாக்கம்!" என்று கத்தினான். வார்டு முழுக்கப் பரவியிருந்தது. ஃப்ராவ் கெல்லர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அது கெட்ட வார்த்தை இல்லையே என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

இப்படியே ஏறுமுகமாகப் போனது என்று எழுத ஆசை. அப்படிப் போகவில்லை. வியாழக்கிழமைகளில் பெற்றோர் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முதல் வியாழன், ஒரு துண்டு ரொட்டியை எடுக்க மெர்லின் கையை நீட்டினாள். பாதி வழியில் இழுத்துக்கொண்டாள். என் மகளுக்கு ரொட்டியைப் பார்த்துப் பயம். பாம்பைப் பார்ப்பது போன்ற நிஜமான பயம். ஸ்டெல்லா மேசைக்குக் கீழே என் தொடையைப் பிடித்து அழுத்தினாள். நான் பேசிக்கொண்டே இருந்தேன். வில்லிவாக்கத்தைத் தாண்டி, பெரம்பூரைத் தாண்டி, என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியாமல் முக்கால் மணி நேரம் பேசினேன். தமிழில் ஒரு வார்த்தை தெரியாத ஃப்ராவ் கெல்லர் பூசைப் பிரசங்கம் கேட்பது போலத் தலையாட்டிக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தார். அந்தத் துண்டு முடிந்தது.

நடுவில் இரண்டு வாரம் எங்களைப் பார்க்கவே மாட்டேன் என்றாள். தொலைபேசியையும் எடுக்கவில்லை. ஆறு மணிக்கு நான் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஸ்டெல்லா எதிரில் உட்கார்ந்து துணி மடிப்பாள், மடித்ததையே மறுபடி மடிப்பாள். பதினைந்தாம் நாள் மணி அடித்தது. "அப்பா, பேசின் பிரிட்ஜ்ல ட்ரெயின் ஏன் நின்னுட்டே இருக்கும்னு சொல்றேன்னீங்க" என்றாள். அதற்கான காரணம் இந்திய ரயில்வேக்கே தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

பதினான்கு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். குணமாகிவிட்டாள் என்று மருத்துவர்கள் சொல்லவில்லை, வீட்டிலிருந்தபடி குணமாகலாம் என்றார்கள். வந்த அன்றே கேட்டாள்: "பட்டாபிராம் போலாமா?" கோடை விடுமுறைவரை நிலையாக இருந்தால் போகலாம் என்றார் மருத்துவர். இருந்தாள்.

6

இங்கே என் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும்.

பட்டாபிராமில் எங்கள் வீட்டில் இப்போது இருப்பது என் அண்ணன் ஆரோக்கியமும் அண்ணி லூர்துவும். அண்ணன் ஏசி மெக்கானிக். ஞாயிறுதோறும் பேசுவான். அந்தப் பதினான்கு வாரமும் "புள்ள எங்கடா?" என்று கேட்டவனிடம் "ஸ்கூல் கேம்ப்" என்று சொல்லிவந்தேன்.

"இன்னாடா, மூணு மாசமா கேம்ப்பு? ஸ்கூலா, மிலிட்டரியா?"

ஊருக்குக் கிளம்பும் முன் இன்னொரு பொய் சொன்னேன். "அவளுக்கு அல்சர்ணா. சாப்பாடு பத்தி யாரும் எதுவும் கேக்க வேணாம்."

அண்ணன் ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாகச் செய்யமாட்டான். நாங்கள் போய் இறங்கியபோது ஃபிரிட்ஜ் முழுக்க மோர். வீட்டில் மிளகாய்த் தூளே இல்லை. அண்ணி அதைப் பக்கத்து வீட்டுக்கு நாடு கடத்தியிருந்தாள்.

"தெருவுல எல்லாராண்டயும் சொல்லிட்டேன். எவனும் துன்னியான்னு கேக்கக் கூடாது. கேட்டா அவன் ஊட்டு ஏசிய நான் தொடமாட்டேன்" என்றான் பெருமையாக.

பயந்துபோன ஜனங்கள் வந்து பார்த்தார்கள். மெர்லினுக்கு எதிரில் உட்காருவார்கள். வாயைத் திறப்பார்கள். பழகிய கேள்வி வரமுடியாமல் தொண்டையில் நிற்கும். "அங்க குளிராம்மா?" என்பார்கள். குளிர்தான் என்பாள். ஒரே நாளில் பதினோரு பேருக்கு ஜெர்மனியின் தட்பவெப்பத்தை விளக்கினாள்.

இரண்டாம் நாளே பெரியப்பாவோடு ரயிலேறிப் பட்டரவாக்கம் போய், மஞ்சள் பெயர்ப் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்து, வார்டு நண்பர்களுக்கு அனுப்பினாள். உலகின் எட்டாவது அதிசயத்தைப் பார்த்தது போன்ற பதில்கள் வந்தன.

7

நான்காம் நாள் பக்கத்து வீட்டு ஃபிலோமினா அக்கா வந்தார். நல்ல மனுஷி. என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அண்ணன் போட்ட சட்டத்தை அப்படியே மதித்தார். மெர்லினின் தாடையைப் பிடித்து ஆசையாக, "போட்டோல எலும்பும் தோலுமா இருந்தியேம்மா. இப்பத்தான் நல்லா பூசினாப்ல அழகா கீற" என்றார்.

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. மெர்லினிடம் இதைவிடச் சொல்லக்கூடாத வாக்கியமும் கிடையாது. அவள் சிரித்தாள். எழுந்து உள்ளே போனாள். மதியம் சாப்பிட வரவில்லை.

மூன்று மணி. நான்கு மணி. "நான் போய்க் கூப்பிடட்டுமா?" என்று ஸ்டெல்லா. "வேண்டாம்" என்று நான். இரண்டு நிமிடம் கழித்து அதையே இடம் மாற்றிப் பேசினோம். பதினான்கு வாரமும் ஒரே வாக்கியத்தில் கரைந்துபோனதா? அழைத்து வந்தது என் தப்பா? 

ஐந்து மணி வாக்கில் மெர்லின் வெளியே வந்தாள். கையில் மருத்துவமனை கொடுத்த தாள். கஷ்டமான நேரங்களில் என்ன செய்ய வேண்டும் என்று அவளும் ஃப்ராவ் கெல்லரும் சேர்ந்து எழுதியது. எங்கள் இருவரையும் தாண்டி வாசலுக்குப் போனாள். அங்கே அண்ணன் குழாயைத் திறந்துவிட்டு யார் வீட்டு ஏசி ஃபில்டரையோ கழுவிக்கொண்டிருந்தான்.

"பெரியப்பா, எனக்கு அல்சர் இல்ல."

"இன்னாம்மா?"

"நான் மென்டல் ஆஸ்பத்திரில இருப்பேன். இல்ல... இருந்தேன். பதினாலு வாரம். எனக்குச் சாப்பிட பயம். அது ஒரு நோய். அப்பாவுக்கு வெக்கம், அதான் பொய் சொன்னாங்க."

ஜன்னலுக்கு உள்ளே நின்றிருந்த எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அண்ணன் குழாயை மூடினான். ஈரக் கையை லுங்கியில் துடைத்தான். ஜன்னல் பக்கம் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு படியில் இடம் ஒதுக்கி, "குந்து" என்றான். அவள் உட்கார்ந்தாள்.

"அங்க உன்ன நல்லா பாத்துகினாங்களா?"

மருத்துவரிடம் நான் ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறேன். ரத்தம் எப்படி, இதயம் எப்படி, எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள். அவளிடம் இந்த ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்லை.

அவள் ஒரு மணி நேரம் சொன்னாள். முதல் நாள் அழுதபோது ஃப்ராவ் கெல்லர் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்து சாக்ஸ் பின்னியதை, பின்னிய சாக்ஸ் படுகேவலமாக இருந்ததை, ஒவ்வொரு கவளமும் தன்னைத் திட்டுவது போல இருந்ததை, இரண்டு வாரம் எங்களைப் பார்க்க மறுத்தபோது ஜன்னலிலிருந்து எங்கள் வண்டி நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை. ஆறு மணிக்கு நான் பேசும்போது மற்றப் பிள்ளைகள் புரியாத மொழியைக் கேட்கப் பக்கத்தில் வந்து உட்காருவார்களாம். பாதி தமிழ், பாதி ஜெர்மன், காலம் எல்லாம் தலைகீழ். அண்ணனுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. "அப்பால?" "அப்பால?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

கடைசியில், "எனக்குப் பசிக்குது, நான் துன்னப் போறேன். கூட வர்றியா, இல்ல இன்னும் கொஞ்ச நேரம் குந்துறியா?" என்றான்.

"வரேன் பெரியப்பா."

சாப்பாடு முடிந்ததும் அண்ணன் என்னைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போனான். "ஏண்டா, என்னாண்டயே டபாய்க்கிறியா?"

"எப்படிண்ணா சொல்றது?"

"அது சொல்லிச்சு இல்ல? அப்டித்தான்."

8

எங்கள் தெருவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர், இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும். மறுநாள் காலை ஃபிலோமினா அக்கா வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, "பரவால்லக்கா" என்று ஆரம்பித்தேன்.

"எங்க ஷாலினிக்கும் டைஃபாய்டு இல்லப்பா" என்றார்.

ஷாலினி அவர் மகள். பதினொன்றாம் வகுப்பு. நான்கு மாதமாகப் பள்ளிக்குப் போகவில்லை. படுக்கையை விட்டு எழுவதில்லை, குளிப்பதில்லை, யாரோடும் பேசுவதில்லை. சில நாள் செத்துப்போகணும் என்கிறாள். தெருவுக்கு டைஃபாய்டு என்று சொல்லி வைத்திருந்தார். நான்கு மாத டைஃபாய்டை யாரும் கேள்வி கேட்கவில்லை, மூன்று மாத ஸ்கூல் கேம்ப்பை யாரும் பெரிதாகக் கேட்காதது போலத்தான்.

"ஜோசப்பு, அந்த மாதிரி எடம் நம்ம ஊர்ல கீதா?"

எனக்குத் தெரியவில்லை. அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. "சிட்டில கவர்மென்ட் ஆஸ்பத்திரில ஏசி பாத்துக்கீறேன். பசங்களுக்குன்னு தனி வார்டே கீது. இன்னிக்கே போலாம்க்கா, இதுல இன்னா நாள் பாக்கறது?"

மெர்லின் அதற்குள் சுவரைச் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். ஷாலினியின் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து தன் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். பேசவில்லை. அரை மணி நேரம் கழித்து ஷாலினி எட்டிப் பார்த்து, "இன்னா பாக்கற?" என்றாளாம். மெர்லின் வார்டு நண்பர்களின் படங்களைக் காட்டி, ஆஸ்பத்திரிக்குத் தானும் கூட வருவதாகச் சொன்னாளாம்.

அன்று பத்து மணி லோக்கலில் ஐந்து பேர் போனோம். ஃபிலோமினா அக்கா, ஷாலினி, அண்ணன், மெர்லின், நான். வில்லிவாக்கத்தில் ஷாலினி எழுந்து நின்றுவிட்டாள். "நான் வரல. இறங்கிக்கறேன்." அக்கா அழ ஆரம்பித்தார். மெர்லின் அவள் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கும் பயமா இருக்கும். இருந்துச்சு. அப்புறம் அது கம்மி ஆயிடுச்சு" என்றாள். வண்டி கிளம்பியதா, ஷாலினி உட்கார்ந்தாளா, எது முதலில் நடந்தது என்று ஞாபகமில்லை.

மருத்துவமனையில் நீளமான பெஞ்சு, டோக்கன், கூட்டம், மின்விசிறிச் சத்தம். இளவயது மருத்துவர் ஷாலினியை மட்டும் தனியாக உட்காரவைத்து வெகுநேரம் பேசினார். சில வாரம் இங்கே தங்கிப் பார்த்துக்கொள்வது நல்லது என்றார். "அம்மாவும் கூட இருக்கணும்" என்றார்.

நான் அசந்துபோனேன். ஜெர்மனியில் எங்களைக் கதவுக்கு வெளியே அனுப்பிப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். இங்கே அம்மா இல்லாமல் சேர்க்கவே மாட்டோம் என்கிறார்கள். அண்ணன் வெளியே போய்ப் பாய், வாளி, மக், ஃபிளாஸ்க் எல்லாம் வாங்கி வந்தான். ஃபிலோமினா அக்கா கட்டிலுக்குக் கீழே பாயை விரித்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்பது போலத் தலையசைத்தார்.

எது நல்ல முறை என்று எனக்குத் தெரியாது. பிற்பாடு போனில் அக்கா சொன்னார்: "பதினாறு வருசத்துல நாங்க ரெண்டு பேரும் இவ்ளோ நாள் ஒண்ணா குந்தினதே இல்லப்பா. நான் சமைப்பேன், அவ படிப்பா. அவ்ளோதான் இருந்துச்சு."

9

ஷாலினி மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்தாள். மாத்திரை சாப்பிடுகிறாள், மாதம் ஒரு முறை அதே மருத்துவரைப் பார்க்கிறாள். பள்ளிக்கு எல்லா நாளும் போக முடிவதில்லை, போகிற நாளில் அண்ணன் பைக்கில் கொண்டுபோய் விடுகிறான். டைஃபாய்டு என்று இப்போது யாரும் சொல்வதில்லை. கேட்டால் ஃபிலோமினா அக்கா நோயின் பெயரையே சொல்லிவிடுகிறாராம். கேட்டவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

மெர்லினும் இன்னும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சிகிச்சைக்குப் போகிறாள். சில நாள் மேசை பழையபடி கனமாகிவிடுகிறது. அந்த நாட்களில் நானும் ஸ்டெல்லாவும் ஊர்க் கதைகளைத் தீவிரமாகப் பேசுகிறோம். ஸ்டெல்லாவின் கொரட்டூர் ஏரிக் கதைகள் என்னுடையதைவிட நன்றாக இருப்பதாக வாக்கெடுப்பில் முடிவாகியிருக்கிறது.

சனிக்கிழமை மதியங்களில் மெர்லினும் ஷாலினியும் போனில் பேசிக்கொள்கிறார்கள். இதில் ஒரு பக்கவிளைவு. மெர்லினின் தமிழ் திரும்பி வந்துவிட்டது, ஆனால் நாங்கள் அனுப்பிய தமிழ் இல்லை. "இன்னாம்மா", "தோ வந்துகினே கீறேன்" என்கிறாள். பத்து வருடம் பாடுபட்டுச் சுத்தமான தமிழ் சொல்லிக்கொடுத்த ஸ்டெல்லா என்னை முறைக்கிறாள்.

மருத்துவமனையிலிருந்து வந்த முதல் மாதங்களில் மெர்லினின் அறைக் கதவைச் சாத்த நாங்கள் விட்டதில்லை. யாரும் போட்ட விதி இல்லை, எங்கள் பயம் போட்ட விதி. நாளடைவில் பாதி சாத்தினாள். பாதிக்கு மேல் போனால் ஏதாவது சாக்குச் சொல்லி எட்டிப் பார்ப்பேன்.

நேற்றுச் சனிக்கிழமை. அறைக்குள்ளே இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். மடித்த துணிகளைக் கொடுக்கும் சாக்கில் எட்டிப் பார்த்தேன். கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு போனைப் பிடித்திருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாப்பா? பேசிகினு கீறேன் இல்ல? கம்னு கதவ சாத்திட்டுப் போ."

சாத்திவிட்டு வந்தேன்.